மலைக்கு வண்டி எடுக்கும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி நகர அமைப்புகள் பழங்குடி ஊர்களோடு கூட்டுச் சேரும் முறை

போர்வை, நோட்டுப் புத்தகம், அரிசிப் பை. நகரத்திலிருந்து மலையேறும் வண்டிகளில் வழக்கமாக இவைதாம் இருக்கும். கொடுப்பதில் தப்பில்லை. அதை ஆண்டறிக்கையில் ‘பழங்குடி மக்களுடன் கூட்டுப்பணி’ என்று எழுதுவதுதான் தப்பு. என்ன வேலை என்று முடிவு செய்வதில் ஊருக்குப் பங்கு வேண்டும், பணக் கணக்கைப் பார்க்க உரிமை வேண்டும், ‘இது எங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்ல இடம் வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் அது கூட்டு. கல்லூரியின் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்ட) அணி, சேவைச் சங்கம், தனியார் மருத்துவமனை, ஓசூர் சிப்காட் தொழிற்சாலையின் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) பிரிவு, வணிகர் சங்கம் என யார் இறங்கினாலும் கீழே உள்ள முறை பொருந்தும்.

யாரோடு சேர்கிறீர்கள்

தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலை, வத்தல்மலை, சிட்லிங்கி பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் மலையாளி என்ற பெயர் கொண்ட, தமிழ் பேசும் மலைவாழ் பழங்குடியினர் வாழ்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, பெட்டமுகிலாளம் பக்கம் இருளர் குடியிருப்புகள் உண்டு. மலையாளி என்றதும் கேரளத்துக்காரர் என்று நினைத்துக்கொள்ளும் வெளியூர்த் தலைமை அலுவலகம் உங்களுடையது என்றால், திட்டக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம் எழுதிவிடுங்கள். பிறகு தணிக்கையில் கேள்வி வராது.

இரண்டு சமூகங்களுக்கும் சட்ட நிலை ஒன்றல்ல. இருளர் தமிழ்நாடு முழுவதும் பட்டியல் பழங்குடி. நலிவுற்ற தொல்குடிகள் ஆறில் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டிருப்பதால், 2023 நவம்பரில் தொடங்கிய பிஎம் ஜன்மன் (வீடு உள்ளிட்ட வசதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம்) அவர்களுக்குப் பொருந்தும். மலையாளிகளுக்குப் பட்டியல் நிலை தருமபுரி, சேலம், பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு மட்டும். ஜன்மனில் அவர்கள் வரமாட்டார்கள். ‘அரசு வீடு வருமாமே’ என்று ஊரில் கேட்டால் சமூகம் தெரியாமல் தலையாட்டிவிடாதீர்கள்.

சிட்லிங்கியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே மலையாளிகளுக்குப் பக்கத்திலேயே லம்பாடிகள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் லம்பாடிகள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. ‘பட்டியல் பழங்குடிக்கு மட்டும்’ என்று விதி எழுதிய திட்டம் பக்கத்துத் தெருவை வெளியே நிறுத்திவிடும், ஊருக்குள் புகைச்சல் கிளம்பும். பயனாளி வரையறையைச் சாதிப் பெயரால் எழுதாமல் குடியிருப்பின் பெயரால் எழுதினால் இது தவிரும்.

முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

1992 ஜூன் 20 அன்று, அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனம், காவல், வருவாய்த் துறையினர் கூட்டமாக நுழைந்தார்கள். சந்தனக் கட்டை தேடல் என்று சொல்லி ஊரைச் சூறையாடினார்கள், 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பு வந்தாலும் ஊர்களில் அந்த நினைவு அடங்கவில்லை. சீருடையோடும் அரசு ஜீப்போடும் முதல் நாள் போய் இறங்கினால் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வராததற்குக் கூச்சம் காரணமல்ல.

இதைப் போலவே 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டு 20 பேர் இறந்தார்கள். அவர்களில் கூலி வேலைக்கென்று போன சித்தேரி மலை ஊர்க்காரர்களும் உண்டு. ‘வேலை தருகிறோம், வண்டி ஏறுங்கள்’ என்று சொல்லும் வெளியாளை மலை எப்படிப் பார்க்கும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வேலைவாய்ப்பு முகாம் நடத்தும் நிறுவனங்கள் ஒப்பந்தக்காரரை அனுப்பாமல் நிறுவன அடையாள அட்டை உள்ள ஆளையே அனுப்ப வேண்டும். சம்பளம், பிடித்தம், விடுதி, ஊருக்கு வர விடுப்பு ஆகிய நான்கையும் தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். பெற்றோர் இரண்டு பேரை நிறுவனச் செலவில் அழைத்துப்போய் விடுதியைக் காட்டிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அலுவலகச் சுற்று

ஊருக்குப் போகும் முன் நான்கு இடங்களில் தகவல் சொல்ல வேண்டும். பழங்குடியினர் நலத்துறை மாவட்ட அலுவலகம், வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சித் தலைவர், வனச்சரக அலுவலகம். சொல்வது வேறு, கூட அழைத்துப்போவது வேறு. முதல் சந்திப்புக்கு அதிகாரிகளை அழைக்காதீர்கள். ஊராட்சித் தலைவர் கூட வந்தால் அவர் வீட்டுத் திண்ணையிலேயே கூட்டம் முடிந்துவிடும். ஓர் ஊராட்சியில் பத்துப் பதினைந்து சிற்றூர்கள் இருக்கும், தலைவரின் ஊருக்கு மட்டும் எல்லாம் வந்து சேரும்.

காவேரி வடக்குச் சரணாலயம் 2014-இலும், காவேரி தெற்குச் சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டன. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கக் குடியிருப்புகள் பல இவற்றின் உள்ளேயோ ஓரத்திலோ உள்ளன. காப்புக்காட்டு வழியே போக, இரவு தங்க, வண்டியில் இயந்திரம் ஏற்றிப் போக எழுத்து அனுமதி வாங்குங்கள். வாய்மொழி அனுமதி, கொடுத்த அதிகாரி மாறியதும் செல்லாது. குளிர்காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கும், அது ராகி அறுவடைக் காலமும்கூட. அந்த மாதங்களில் கூட்டத்தைக் காலையில் தொடங்கி, வெளிச்சம் இருக்கும்போதே மலையிறங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு கூட்டங்கள்

கூட்டம் எந்த நாளில் என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். புளி உலுக்கும் மாதங்களிலும் சாமை அறுப்பிலும் யாரும் கிடைக்கமாட்டார்கள். வத்தல்மலையில் என்றால் காபிப் பழம் பறிக்கும் பருவத்தையும் தவிர்க்கவும். பல குடும்பங்கள் கேரளத் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் போய்விடும் மாதங்கள் உண்டு. அப்போது எடுத்த தீர்மானத்தை, திரும்பி வந்தவர்கள் ஏற்கமாட்டார்கள். பகல் முழுக்க உட்கார வைத்தால் அன்றைய கூலியைக் கணக்கிட்டுக் கொடுங்கள். அது இனாம் அல்ல, ஆலோசனைக் கட்டணம். நகரத்தில் ஒரு ஆலோசகரைச் சும்மா உட்கார வைப்பீர்களா?

முதல் கூட்டத்துக்குப் பேனர், மைக், கேமரா, சால்வை வேண்டாம். நாற்காலி இரண்டே இரண்டு இருக்கும் ஊரில் நாற்காலியில் உட்காராதீர்கள். மலையாளி ஊர்களில் ஊர்க்கவுண்டரை (ஊர்த் தலைவரை) முதலில் பார்த்துச் சொல்லிவிட்டு உட்காருவது முறை. ஆனால் அவரோடு பேசி முடித்தால் ஊரோடு பேசியதாக ஆகாது. பெண்களிடம் தனியாக, அவர்கள் கூடும் இடத்தில், பெண் ஊழியர் ஒருவர் பேச வேண்டும். தண்ணீர் எடுக்கும் நேரம், விறகு, பிரசவத்துக்குக் கட்டிலில் தூக்கிப்போன கதை எல்லாம் அங்கேதான் வெளிவரும். அஞ்செட்டி, தளிப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் ஊர்களுக்கு அந்த மொழி தெரிந்தவர் வேண்டும்.

முதல் கூட்டத்தில் எந்தத் திட்டத்தையும் முன்வைக்காதீர்கள். ‘எங்களிடம் பத்து லட்சம் இருக்கிறது, என்ன வேண்டும்?’ என்று கேட்டால் கோயிலுக்கு மண்டபம் என்ற பதில் வரும், அதுவும் உரத்த குரல் உள்ளவரிடமிருந்து. கேட்க வேண்டியது வேறு. போன வருஷம் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எது நின்றுபோனது? பழுதான சோலார் விளக்கு, பூட்டிய தையல் கூடம், ஓடாத ஆர்ஓ இயந்திரம் ஆகியவற்றை நேரில் நடந்து பாருங்கள். புதிதாக எதுவும் போடாமல் அவற்றில் ஒன்றைச் சரிசெய்து கொடுப்பதே பல ஊர்களில் நல்ல தொடக்கம்.

இரண்டாம் கூட்டம் ஒரு மாத இடைவெளியிலாவது இருக்கட்டும். முதல் கூட்டத்தில் கேட்டதை எழுதி வந்து வாசித்துக் காட்டுங்கள். விட்டுப்போனதை அவர்களே சொல்வார்கள்.

தீர்மானமும் ஒப்பந்தமும்

ஊராட்சி கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் வேலை ஊராட்சிச் சொத்தைத் தொட்டால் இங்கே தீர்மானம் வேண்டும். ஆனால் மலையூரிலிருந்து அந்த இடத்துக்கு வரவே அரை நாள் ஆகும். அதனால் சிற்றூரிலேயே ஊர்க்கூட்டம் போட்டு, தனி நோட்டில் எழுதி, அங்கே வாசித்து, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, பிறகு கிராம சபையில் அதை வையுங்கள். நோட்டு ஊரில் இருக்க வேண்டும், உங்களிடம் நகல் போதும். காடு, வன நிலம் சம்பந்தப்பட்டால் 2006 வன உரிமைச் சட்டத்தின் கிராம சபைதான் செல்லும். அதற்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், உறுப்பினர்களில் பாதிப் பேர். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் இரண்டு பக்கத் தமிழில் இருந்தால் போதும். வழக்கறிஞர் எழுதிய பதினைந்து பக்க ஆங்கிலத்தை யாரும் படிக்கமாட்டார்கள், நீங்களும்தான். அதில் கட்டாயம் வர வேண்டியவை: வேலை எது, மொத்தத் தொகை எவ்வளவு, எந்தத் தவணையில், பொருள் யார் பெயரில், பழுதானால் யார், எத்தனை நாளில், யார் காசில் சரிசெய்வது, நிதி நின்றால் எத்தனை மாதம் முன்பே சொல்வது, புகைப்படம் யாரைக் கேட்டு எடுப்பது, எங்கே போடுவது, மூலிகை, விதை, கைவேலை வடிவம் போன்ற ஊரின் அறிவைப் பயன்படுத்தினால் அதற்கு என்ன கைம்மாறு, குறை சொல்ல ஊருக்கு யார் தொலைபேசி எண். கடைசியாக, முடியும் தேதி. பழுது பற்றிய வரியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், பெரும்பாலான சண்டையும் அங்கேதான் வருகிறது.

பணம்

நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். ஓசூர்ப் பக்கம் இந்த வரம்புக்குள் வரும் தொழிற்சாலைகள் பல. பணம் பெறும் தொண்டு நிறுவனத்துக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகளோடு, சிஎஸ்ஆர் பணம் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவெண்ணும் வேண்டும். மலையில் நன்றாக வேலை செய்யும் சின்னச் சங்கங்களுக்குப் பெரும்பாலும் இது இருக்காது. பதிவுள்ள ஒரு நிறுவனத்தை நடுவில் வைத்தால், மொத்தத்தில் எத்தனை ரூபாய் ஊருக்குப் போகிறது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியைக் காட்டி, ஊர் ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தை வெட்டிவிடுவார்கள். அது தவறான வாசிப்பு. திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவு அந்த 5 சதவீதத்தில் வராது. ஊரிலிருந்தே படித்த பெண் ஒருவரை ஒருங்கிணைப்பாளராக வைத்து, அவர் சம்பளத்தைத் திட்டச் செலவில் காட்டுங்கள். வண்டி வாடகையையும் தாராளமாக எழுதுங்கள். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரமே கழுதை முதுகில் போயிருக்கிறது. சமவெளி விலையில் சிமென்ட் மூட்டைக் கணக்குப் போட்டால் பாதியில் நிற்கும்.

வாங்கும் இயந்திரமும் கட்டடமும் நிறுவனத்தின் பெயரில் இருக்கக் கூடாது என்று சிஎஸ்ஆர் விதியே சொல்கிறது. சுய உதவிக் குழு போன்ற பயனாளி அமைப்பு, சிஎஸ்ஆர் பதிவெண் உள்ள அறக்கட்டளை, அரசு அமைப்பு ஆகியவற்றில் ஒன்றின் பெயரில் இருக்கலாம். எங்கள் யோசனை, மகளிர் குழு. வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, இரண்டும் ஊர்ப் பெண்கள். நீங்கள் கணக்கைப் பார்க்கலாம், கையெழுத்துப் போட வேண்டாம்.

வன நிலத்தில் கட்டடம்

அங்கன்வாடி, பள்ளி, குடிநீர்க் குழாய், ரேஷன் கடை, சமுதாயக் கூடம், சாலை உட்பட 13 வகை வசதிகளுக்கு ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் ஒதுக்க வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2) வழி தருகிறது. கிராம சபைப் பரிந்துரை கட்டாயம். பலரும் கவனிக்காத ஒரு வரி அங்கே இருக்கிறது: அந்த வசதி அரசு நடத்துவதாக இருக்க வேண்டும். உங்கள் அறக்கட்டளை பெயரில் ‘கற்றல் மையம்’ கட்ட இந்தப் பிரிவு உதவாது. துறையோடு முதலிலேயே ஒப்பந்தம் போட்டு, கட்டி, துறையிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு வேண்டும். சரணாலயத்துக்குள் என்றால் இன்னும் இறுக்கம், மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கேட்காமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். நின்றுபோன அஸ்திவாரத்துக்கு வழக்கு ஊர்க்காரர் மேல்தான் விழும்.

எடுத்துக்கொள்ளத் தக்க வேலைகள்

சாமை அரைவை: நகர வணிகர்கள் மலையோடு சேர இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. சாமையை முழுத் தானியமாக விற்றால் வியாபாரி சொல்வதே விலை. உமி நீக்கி அரிசியாக விற்றால் விலை ஊரின் கையில். நூறு கிலோ சாமையில் ஏறத்தாழ 60 கிலோ அரிசி கிடைக்கும். இயந்திரம் வாங்கும்போது கவனிக்க வேண்டியது மின்சாரம். ஊரில் ஒருமுனை இணைப்பு மட்டும் இருக்க, மும்முனை மோட்டாரை இறக்கிவிட்டு வந்த கதைதான் அதிகம். ஒருமுனையில் ஓடும் 1 அல்லது 2 குதிரைத்திறன் மோட்டார் உள்ள சின்ன இயந்திரமே போதும். களத்தில் அடித்த சாமையில் மண்ணும் பொடிக்கல்லும் இருக்கும், அதனால் கல் நீக்கும் சல்லடையும் சேர்த்து வாங்குங்கள். ஈரம் காயாத தானியத்தைப் போட்டால் உமி கழலாது, குருணை அதிகமாகும். தேயும் பாகங்களில் ஒரு தொகுப்பை முதல் நாளே கூடுதலாகக் கொடுத்து, மாற்றுவது எப்படி என்று இரண்டு பெண்களுக்குக் கையில் கொடுத்துப் பழக்குங்கள். தவிடு நீக்காத சாமை அரிசி இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே மொத்தமாக அரைத்து வைக்கக் கூடாது. தானியமாக வைத்து, ஆர்டர் வர வர அரைக்க வேண்டும். நகரக் கூட்டாளி செய்ய வேண்டியது இந்த மாதாந்தர ஆர்டரை எழுத்தில் உறுதி செய்வது. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருடத்துக்கு 100 ரூபாய்தான்.

சான்றிதழ் முகாம்: பழங்குடிச் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் கொடுக்க முடியாது. தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி கோட்டாட்சியர், ஓசூர் சார் ஆட்சியர் அலுவலகங்கள்தான். பெற்றோரிடம் சான்றிதழ் இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு நேரடி விசாரணை நடக்கும், மாதக் கணக்கில் இழுக்கும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஓடுவதைவிட ஏழாம் வகுப்பிலேயே விண்ணப்பம் போடுவது நல்லது. என்எஸ்எஸ் ஏழு நாள் முகாமில் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பதை விட்டு, வீடு வீடாகக் குடும்ப மரம் எழுதி, ரத்த உறவினரின் சான்றிதழ் நகல்களைச் சேர்த்து, இ-சேவையில் பதிவேற்றிக் கொடுங்கள். ஒப்புகை எண்ணை ஓர் ஆண்டாவது பின்தொடர ஒரு பேராசிரியரை நியமித்தால்தான் இது முடியும்.

மருத்துவ முகாம்: ஒரு நாள் முகாம் நடத்தி மாத்திரை கொடுத்துப் போவதால் பெரிய பயன் இல்லை. சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் ஒரு கூரைக் குடிசையில் தொடங்கிய மருத்துவமனை நிலைத்ததற்கு, உள்ளூர்ப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தது பெரிய காரணம். நகர மருத்துவமனைகள் மாதம் ஒரு நிலையான நாளை ஒதுக்கி, அதே மருத்துவரை அனுப்புவது குறைந்தபட்சம். அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை நோய்க்குப் பரிசோதனை செய்தால் முடிவைத் தனித்தனியாக, ஆளிடம் நேரில் சொல்லுங்கள். பட்டியலாக ஊர்க்கூட்டத்தில் வாசித்தால் பெண்களின் கல்யாணப் பேச்சு நின்றுபோகும்.

ஆண்டுக் கணக்கு, விலகல்

கனடாவின் வினிபெக் நகரில் 2017-இல் ஒரு பூர்வகுடி உடன்படிக்கை தொடங்கினார்கள். கையெழுத்திட்ட அமைப்பு ஒவ்வொன்றும் தன் இலக்கைத் தானே எழுதி, ஆண்டுதோறும் எதைச் செய்தது என்று அறிக்கை தர வேண்டும். தருமபுரியிலும் ஓசூரிலும் பத்து அமைப்புகள் சேர்ந்து இதைச் செய்யலாம். ஒரே சிற்றூருக்கு மூன்று பேர் போர்வை கொடுப்பதும் பக்கத்து ஊர் காலியாக இருப்பதும் அப்போது தெரிந்துவிடும். ஆனால் அறிக்கையை நகர விடுதி அரங்கில் வெளியிடாமல் ஊரிலேயே வாசியுங்கள். வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு சார்ட் தாளில் எழுதி அங்கன்வாடிச் சுவரில் ஒட்டினால் போதும்.

சிஎஸ்ஆரில் ‘தொடர் திட்டம்’ என்பது தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டுகள்தான். அதனால் கடைசி ஆண்டின் முதல் மாதத்திலேயே விலகல் கூட்டம் போடுங்கள். ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் இனி எங்கிருந்து வரும், இயந்திரத்தின் பில், உத்தரவாத அட்டை, மின் இணைப்பு யார் பெயரில் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடியுங்கள். மூல ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்துக் குழுத் தலைவியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஊர் நோட்டில் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து, கேமரா இல்லாமல், ஒருமுறை போய் இயந்திரம் ஓடுகிறதா என்று பாருங்கள். அந்தப் பயணத்தின் வண்டி வாடகையை முதல் ஆண்டு பட்ஜெட்டிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். திட்டம் முடிந்த பிறகு அதற்கு யாரும் பணம் ஒதுக்கமாட்டார்கள்.